நாலு நாள் நீலம்

பாதி போதும் என்றுதான் லூயி சொல்லியிருந்தார். கோவிந்தசாமியும் பாதியாக்கத்தான் பார்த்தான். ஆனால் பட்டறை உலையில் பதினெட்டு வருடம் குறடு பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு நடுவில் அந்தச் சின்ன நீல மாத்திரை நிற்கவில்லை. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். பொடிந்து உள்ளங்கையில் உதிர்ந்தது. அதில் எது பாதி, எது முழுசு? அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

2004ஆம் வருடம், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. மகள் காலேஜுக்கும் மகன் பள்ளிக்கூடத்துக்கும் போயாகிவிட்டது. மனைவி சின்னப்பொண்ணு விடியற்காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை விற்கப் போனவள், பத்து மணிக்குத்தான் காலிக் கூடையோடு வருவாள். அவனுக்கு வேலை பகல் பன்னிரண்டுக்கு. ஒற்றை அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு என்று கிடைக்கிற நேரம் அந்த ஒன்றரை மணிதான். செவ்வாயும் வெள்ளியும் அவள் விரதம். சனிக்கிழமை மகளுக்குக் காலேஜ் கிடையாது, ஞாயிறு இரண்டு பேரும் வீட்டில். புதன்கிழமை அவள் தண்ணீர் பிடித்துத் துணி துவைக்கிற நாள். ஆக, திங்களும் வியாழனும்.

இரண்டு வருடமாக அந்தத் திங்களும் வியாழனும் சும்மாவே போய்க்கொண்டிருந்தன. சர்க்கரை வியாதி கண்டுபிடித்த கொஞ்ச நாளிலேயே அவனுக்கு அது தொடங்கிவிட்டது. உடம்பு கேட்கவில்லை. முதலில் களைப்பு என்று நினைத்தான். உலை முன்னால் நிற்பதால் வந்த சூடு என்று நினைத்து இளநீர் குடித்தான். பிறகு நினைப்பதை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளப் பழகினான். சின்னப்பொண்ணு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, தலையைத் துவட்டிக்கொண்டே, "எம் மேல ஈரச்சாக்கு நாத்தம் அடிக்குதாய்யா?" என்று கேட்டாள். அவன் இல்லையென்று சொன்னான். அன்றிலிருந்து அவள் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தலையை உலைக்குள் விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

லூயி அதே தெருக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. பழைய நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தவர்கள். சர்க்கரை வந்தபின் கோவிந்தசாமி குடியை நிறுத்திவிட்டான். லூயி நிறுத்தவில்லை, ஆனால் சிநேகிதத்தையும் விடவில்லை. மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய்த் திரும்பியிருந்த அவரிடம்தான், வேறு யாரிடமும் சொல்ல முடியாமல், ஒரு நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கோவிந்தசாமி சொன்னான்.

லூயி சிரிக்கவில்லை. "இதுக்கா ரெண்டு வருசம் செவுத்த பாத்துக்கினு கெடந்த? அங்க என் வயசுக்காரன் எல்லாம் இத டாக்டர்கிட்ட சளி, காய்ச்சல் மாதிரி சொல்றான் மிசியே" என்று சொல்லி, உள்ளே போய் நாலு மாத்திரை இருந்த ஓர் அட்டையைக் கொண்டுவந்து சட்டைப் பையில் வைத்தார். "பாதி. வெறும் வயித்துல. அதுக்கப்புறம் டாக்டர பாரு."

பாதியும் நடக்கவில்லை, டாக்டரைப் பார்ப்பதும் நடக்கவில்லை. மாத்திரை மட்டும் வேலை செய்தது.

முதலில் காதுமடல் சுட்டது. பிறகு முகமெல்லாம் உலை வாயில் நிற்பது போலக் கொதித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. நெற்றிப்பொட்டில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். சின்னப்பொண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னாய்யா, காச்சலா? மூஞ்சி செம்பு மாதிரி இருக்குது."

"ஒண்ணுமில்ல. கதவ சாத்து."

"கதவையா?"

"சாத்துன்றேன்ல."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய்ச் சாத்தினாள்.

அன்று பதினொன்றரைக்கு அவன் சைக்கிளை எடுத்தபோது தலை வெடித்துவிடும் போல வலித்தது, புளித்த ஏப்பமாக வந்தது, வாயால்தான் மூச்சுவிட முடிந்தது. ஆனால் ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். வெளுத்த மதில்கள், மேகம், ரோட்டோரம் போட்டிருந்த உப்பு மூட்டை எல்லாம் லேசாக நீலம் பூசினது போலத் தெரிந்தன. துணிக்கு நீலம் கூடிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. சந்தோஷத்தில் மனுஷனுக்கு இப்படியும் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டான்.

அதற்கு மேல் அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவன் பிழைப்பே நிறம் பார்ப்பதுதான்.

மேட்டுப்பாளையத்தில் ஜானகிராமனின் பட்டறையில் கல் குவாரிக்காரர்களுக்கு உளியும் கடப்பாரையும் செய்தார்கள். காலையில் வடிவேலும் மற்றவர்களும் இரும்பை அடித்து உளியாக்கிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்து அதற்குப் பதம் போடுவது கோவிந்தசாமியின் வேலை. வெயில் விழுந்தால் நிறம் பிடிபடாது என்பதால் மேற்குக் கதவைச் சாத்திவிட்டு அரை இருட்டில் செய்கிற வேலை. உளியின் முனையைச் சிவக்கக் காய்ச்சி, ஓர் அங்குலம் மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, உடைந்த சாணைக்கல்லால் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவான். பின்னாலிருக்கிற சூடு மெல்ல முனைக்கு ஏறிவரும். வரும்போது இரும்பில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ, கடைசியாக நீலம். நீலம் தலைகாட்டின அந்த நொடி முழு உளியையும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். தவறவிட்டால் முனை மழுங்கும். மஞ்சளிலேயே போட்டுவிட்டால் முனை கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கல்லில் வைத்து அடித்தால் தெறிக்கும். எல்லாம் மூன்று நான்கு நொடிக்குள். மீட்டர் கிடையாது, கண்தான். பதம் போட்டு முடித்ததும் உளியின் தண்டில் அன்றைய தேதியை எண் அச்சு வைத்து அடிப்பார்கள்.

அந்த வியாழனுக்குப் பிறகு ஒன்பதாம் தேதி திங்கள், பன்னிரண்டாம் தேதி வியாழன், பதினாறாம் தேதி திங்கள். லூயி கொடுத்த நாலு மாத்திரையும் முடிந்தன. ஒவ்வொரு தடவையும் முழுதாகவே போட்டான். பாதி போட்டுப் பலிக்காமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் பார்த்தால் தலைவலி ஒன்றுமே இல்லை. சின்னப்பொண்ணு மார்க்கெட்டிலிருந்து கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டு வர ஆரம்பித்திருந்தாள். குழம்பில் மீன் தலையை அவனுக்கு ஒதுக்கினாள். மகளை அதட்டுவதுகூடக் குறைந்திருந்தது.

பட்டறையில்தான் பேச்சு எழுந்தது. சிவந்த முகம், சிவந்த கண், தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. புதுச்சேரியில் இதைப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான்.

"மாமா மறுபடி ஆரம்பிச்சிட்டாரு டோய்" என்றான் வடிவேல். "எந்தக் கடை மாமா? பகல்லயே இவ்ளோ ஏத்துது?"

"சளிடா."

"சளியா? வாரத்துக்கு ரெண்டு நாளு கரெக்டா வருதே, லோக்கல் பஸ்ஸு மாதிரி."

கோவிந்தசாமி சிரித்துவிட்டு நெருப்பைப் பார்த்தான்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் ஒரு டிவிஎஸ் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. மயிலம் பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கிற இராமதாஸ். இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, கண் பாதி வீங்கி மூடியிருந்தது. வண்டியிலிருந்து சாக்கை இழுத்து ஜானகிராமனின் மேஜை முன்னால் கொட்டினான். பதினொரு உளி. அத்தனையும் முனை ஒடிந்தவை.

"மூணு தையல்" என்றான் இராமதாஸ். "அரை அங்குலம் மேல பட்டிருந்தா கண்ணு. நா ஒங்க இரும்ப நம்பி அடிக்கிறவன் மொதலாளி. கல்லு தெறிச்சா எங்க தலையெழுத்து. உளி தெறிச்சா?"

ஜானகிராமன் ஓர் உளியை எடுத்து ஒடிந்த இடத்தைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சர்க்கரை உடைந்தது போலப் பொடிப்பொடியாக இருந்தது. தண்டைத் திருப்பினார். 12. அடுத்ததை எடுத்தார். 12. எல்லாம் பன்னிரண்டு.

"கோவிந்தசாமி, இங்க வாய்யா."

அவன் வந்தான். உளியைக் கையில் வாங்கினான். எந்த நிறத்தில் தண்ணீரில் போட்ட இரும்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. மஞ்சளிலேயே போட்டிருக்கிறது. நீலம் வந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே போட்டான்? பார்த்தான். மாத்திரை போட்ட நாட்களில் எல்லாமேதான் நீலமாகத் தெரிந்தன. மதில், மேகம், உப்பு மூட்டை. அவன் கை உளியோடு அப்படியே நின்றது.

பன்னிரண்டு மட்டும் இல்லை. ஐந்து, ஒன்பது, பதினாறு.

"ஒருநாள் தப்பு" என்று ஜானகிராமன் சொல்லிக்கொண்டிருந்தார். "பன்னெண்டாந்தேதி மால மட்டும் திருப்பி எடுத்துக்கறேன் இராமதாஸ். ஆஸ்பத்திரி செலவு என்னுது."

பதினாறாம் தேதி உளிகள் நேற்றுத்தான் வேறொரு குவாரிக்குப் போயிருந்தன. கட்டவிழ்த்திருப்பார்களோ, இல்லையோ. அங்கே யாரோ ஒருவன் நாளைக் காலையில் அதைக் கல்லில் வைத்து ஓங்குவான்.

"மொதலாளி, அஞ்சாந்தேதி, ஒம்போது, பதினாறு. இந்த மூணையும் எடுத்துடுங்க. இப்பவே ஆள அனுப்புங்க."

"ஏன்?"

"அதுவும் இப்படித்தான் இருக்கும்."

"ஒனக்கு எப்டித் தெரியும்? அஞ்சு, ஒம்போது, பன்னெண்டு, பதினாறு. நடுவுல இருக்கிற நாள்ல எல்லாம் சரி, இந்த நாலு நாள் மட்டும் சரியில்லன்னு எப்படிச் சொல்ற?"

கோவிந்தசாமி கையிலிருந்த உளியைக் குவியலில் வைத்தான். வடிவேல் தரையைப் பார்த்தான்.

ஜானகிராமன் எழுந்து கிட்டே வந்தார். "அந்த நாலு நாளும் மூஞ்சி செவந்து போய் வந்தியாமே. பசங்க சொன்னாங்க, நா நம்பல. குடிச்சிட்டா வந்த?"

மாத்திரை என்று சொன்னால் எதற்கு என்பார். எதற்கு என்று சொன்னால் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற ஏழு பேருக்கும் தெரியும். நாளைக்கு மேட்டுப்பாளையம் முழுக்கத் தெரியும். குடிகாரன் என்றால் ஒரு வாரம் திட்டுவார்கள். இது சாகிறவரைக்கும் கூட வரும். அவன் இவ்வளவுதான் கணக்குப் போட்டான்.

"ஆமாம்" என்றான். "குடிச்சேன்."

இராமதாஸ் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான். "குடிச்சிட்டா உளிக்குப் பதம் போட்ட? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுயா." அடிப்பான் என்று கோவிந்தசாமி எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

நெருப்புப் பக்கம் குடித்துவிட்டு நின்றால் வேலை இல்லை என்பது அந்தப் பட்டறையில் முதல் நாளிலிருந்து உள்ள சட்டம். ஜானகிராமன் கத்தவில்லை. வடிவேலை வண்டியில் அனுப்பி அந்த மூன்று தேதி உளிகளையும் திருப்பி வாங்கிவரச் சொன்னார். பிறகு, "நாளையிலேர்ந்து வராதய்யா. பதினெட்டு வருசம். வேற வழி இல்ல" என்றார். கோவிந்தசாமி குறட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

மூன்று மணிக்கே அவன் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து, மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு எழுந்துகொண்டாள்.

"என்னா ஆச்சு?"

"வேல போச்சு. குடிச்சிட்டு வந்தேன்னு."

அவள் கிட்டே வந்து முகத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். "ஊது."

"இன்னைக்கு இல்ல."

"ஊதுன்றேன்."

ஊதினான். அவள் மோந்து பார்த்தாள். "வெத்தல வாசனகூட இல்ல. என்னிக்கிக் குடிச்சியாம்?"

"அஞ்சாந்தேதி. ஒம்போது, பன்னெண்டு, பதினாறு."

சின்னப்பொண்ணு கீரைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே விரலை மடக்கினாள். முகம் மாறியது. "வியாழன், திங்க, வியாழன், திங்க. அந்த நாலு நாளும் வேலைக்குக் கெளம்புற வரைக்கும் நீ எங்கூடத்தானே இருந்த? நா மோந்து பாக்காத வாயா? எதுக்குய்யா பொய் சொன்ன?"

சொன்னான். கீழே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, லூயியிலிருந்து உப்பு மூட்டை வரைக்கும் சொன்னான். மாத்திரை கையில் பொடிந்ததைச் சொல்லும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ரெண்டு வருசம்" என்றாள். "நா கெழவி ஆயிட்டேன்னு நெனச்சேன். நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சேன். வேற எவளாச்சும் இருப்பாளோன்னு மார்க்கெட்ல ஒவ்வொருத்தி மூஞ்சியா பாத்தேன். ஒரு வார்த்தை சொன்னியா?"

"எப்டிச் சொல்றது?"

"வாயால." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மாத்திரை போட்டதால என்னைத் தேடுனியா, என்னைத் தேடுனதால மாத்திரை போட்டியா?"

"தேடுனதாலதான்."

"அப்ப இதுல என்னா மானம் போச்சு ஒனக்கு? குடிகாரன்னு பேரு வாங்குறியே, பொண்ணுக்கு வரன் பாக்கணும், அது மானமா?"

அவள் மறுபடி உட்கார்ந்து கீரையை இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அதைப் பற்றி வேறு பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மார்க்கெட்டிலிருந்து வந்தவள் கூடையை வைத்துவிட்டு, "கெளம்பு" என்றாள். எங்கே என்று அவன் கேட்டதற்கு, "சைக்கிள மிதி" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறையில் டீ நேரம். எல்லோரும் வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்சீட்டிலிருந்து இறங்கி அவள் நேராக ஜானகிராமன் முன்னால் போய் நின்றாள்.

"உள்ள வாம்மா. உக்காரு."

"நின்னே பேசறேன். எம் புருசன் குடிக்கல. சர்க்கரை வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொடல. மாத்திரை போட்டாரு. வீட்ல எங்கூட இருக்கறதுக்கு மாத்திரை. சர்க்கரைக்காரருக்கு அது வேணுமாம். பாதி போடறத முழுசாப் போட்டுட்டாரு. அதப் போட்டா மூஞ்சி செவக்குது, மூக்கு அடைக்குது, தலை வலிக்குது, கண்ணுக்கு எல்லாம் நீலமாத் தெரியுது. நீலமாத் தெரிஞ்சா இவரு வேல என்னா ஆவும்னு நா சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. இவ்ளோதான் நடந்தது."

யாரோ டீயை மேலே கொட்டிக்கொண்டார்கள். வடிவேல் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"என்னா வடிவேலு சிரிப்பு?" என்று அவள் திரும்பினாள். "ஒம் பொண்டாட்டி தெனமும் எங்கிட்டதான் கீரை வாங்குது. கீரை மட்டும்தான் வாங்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா? எல்லாத்தையும் பேசிட்டுத்தான் போவுது."

வடிவேலின் சிரிப்பு நின்றது. மற்றவர்களின் சிரிப்பு கிளம்பியது. வடிவேலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கோவிந்தசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். காது சுட்டது, மாத்திரை இல்லாமலே.

ஜானகிராமன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அவருக்கும் சிவந்திருந்தது. "ஏன்யா, இத நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?"

"குடின்னு சொன்னா மன்னிப்பாங்க மொதலாளி. இது…"

"இதுக்கு நா ஏன் மன்னிக்கணும்? இது என்னா குத்தம்?" என்றவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சும் நெருப்புக்கிட்ட நின்னியே, அதான் குத்தம்."

"தெரியாது மொதலாளி. சந்தோசத்துல அப்டி இருக்குன்னு நெனச்சேன்."

அந்தப் பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜானகிராமன் உள்ளே கை காட்டினார். "ஆறு உளி கெடக்குது. போடு. பாக்கலாம்."

கோவிந்தசாமி மேற்குக் கதவைச் சாத்தினான். குறடு அதே ஆணியில் இருந்தது. முனையைச் சிவக்கக் காய்ச்சி, தோய்த்து, தேய்த்தான். மஞ்சள் ஓடியது. பழுப்பு. கத்திரிப்பூ. அவன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். இது நீலம். தண்ணீரில் போட்டான். ஆறும் முடிந்ததும் வடிவேல் வாசலில் கிடந்த கருங்கல்லில் வைத்துத் தலைக்குமேல் ஓங்கி ஓங்கி அடித்தான். நேற்று வண்டியில் அலைந்த கோபம், இன்றைய வெட்கம் எல்லாவற்றையும் சேர்த்து அடித்தான். கல்தான் பிளந்தது.

"பதினாறாந்தேதி மால் கட்டு அவுக்காமயே திரும்பி வந்துடுச்சு" என்றார் ஜானகிராமன். "அந்த மட்டுக்காவது நீ தேதிய சொன்னியே. திங்கக்கெழம வா. ஆனா மொதல்ல இராமதாஸ போய்ப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு உளியையும் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, குவாரிப் பக்கத்து ஊரில் இராமதாஸின் வீட்டைத் தேடிப் போனான். சின்னப்பொண்ணு கூட வரவில்லை. இதை நீயே சொல் என்றுவிட்டாள். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. இராமதாஸ் ஓர் உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அப்ப குடிக்கல."

"இல்ல."

"குடிச்சிட்டு அடிச்ச உளியில எங்கண்ணு போவ இருந்துச்சேன்னுதான் ரெண்டு நாளா தூக்கம் வரல. இது வேற" என்றான். உள்ளே திரும்பி, "ரெண்டு டீ போடு" என்று குரல் கொடுத்தான்.

அடுத்த வாரம் டாக்டர் சுமலதாவிடம் போனார்கள். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் கோவிந்தசாமி திரும்பிப் போகப் பார்த்தான். சின்னப்பொண்ணு சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே கேட்டார். சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், நெஞ்சில் வயரை ஒட்டி ஈசிஜி எடுக்க வைத்தார்.

"நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாச்சும் எடுக்கறீங்களா?"

"இல்லீங்க."

"நல்லாக் கேட்டுக்கங்க. அத எடுக்கறவங்க இதத் தொடவே கூடாது. உயிருக்கே ஆபத்து. அடுத்தவங்க மாத்திரைய வாங்கிப் போட்டீங்களே, உங்க நெஞ்சு எப்படி இருக்குன்னு அந்த மாத்திரைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றான் பள்ளிக்கூடப் பையன் போல.

"நீங்க போட்டது பெரிய அளவு. இதுலயே சின்னது இருக்கு, எழுதறேன். ஒடிக்க வேணாம்."

"நல்ல காலம்" என்றாள் சின்னப்பொண்ணு. "இவரு கையில மட்டும் எதையும் ஒடிக்கச் சொல்லாதீங்க டாக்டரம்மா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "தலைவலி, மூக்கடைப்பு கொஞ்சம் இருக்கும், சில மணி நேரத்துல போயிடும். கண்ணுல நிறம் மாறினா வேலைக்குப் போகாம நேரா இங்க வாங்க. சர்க்கரையக் கட்டுக்குள்ள வைங்க, பாதி பிரச்சினை அதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களே, இங்க முக்கால்வாசிப் பேர் தனியாத்தான் வருவாங்க. அதுவும் எதிர்வீட்டுக்காரருக்குன்னு சொல்லிக்கிட்டு."

சின்ன மாத்திரையில் நீலம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தன, அளவு குறைந்து. ஆனாலும் ஜானகிராமன் ஓர் ஏற்பாடு செய்தார். திங்களும் வியாழனும் பதம் போடும் வேலை கிடையாது, அந்த இரண்டு நாளும் கோவிந்தசாமி மால் கட்ட வேண்டும். ஏன் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டதற்கு வடிவேல், "மாமாவுக்கு அன்னைக்கு விரதம்" என்றான்.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு பகல். கோவிந்தசாமி சாக்கில் உளிகளை அடுக்கிக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தான். மூக்கு அடைத்திருந்தது. குனிந்தால் நெற்றி விண்ணென்றது. ஆனால் அந்த வலியைத் தைலம் தடவிப் போக்கிக்கொள்ள அவனுக்கு மனசில்லை. தலைவலி இல்லாமல் இருந்த இரண்டு வருடம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியும். லூயியை நினைத்துக்கொண்டான். சைக்கிளிலிருந்து இறங்கி நேராக நடந்து போய்ப் பட்டறை வாசலில் நின்ற பெண்டாட்டியை நினைத்துக்கொண்டான். அவள் நடந்த மாதிரி தன்னால் ஒரு நாளும் நடந்திருக்க முடியாது. கையெடுத்துக் கும்பிட்டால் திட்டுவாள். அதனால் அன்று காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்து தண்ணீர்க் குடங்களைப் பிடித்து வைத்திருந்தான்.

இராமதாஸ் தானே மால் எடுக்க வந்திருந்தான். கன்னத்துத் தழும்பு வெளுத்துக் கோடாகியிருந்தது. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தவன் கோவிந்தசாமியின் முகத்தையும் காதையும் உற்றுப் பார்த்தான்.

"இன்னைக்கு வியாழனா?" என்றான்.

கோவிந்தசாமி மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"ஆமாம்யா" என்றான், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.